வடக்கே பார்த்த லாரி

நடுங்குகிறது, பம்பரில் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் நடுங்குகின்றன, கதவோரத்துக் கண்ணாடி நடுங்குகிறது, சைலன்சர் வெள்ளைப் புகையைக் கக்கிக் கக்கி இருமுகிறது, வாசலை ஒட்டிய முன்கூடமான ஆசாரத்துச் சன்னல் கொக்கியும் சன்னல் திண்டில் வைத்த மாத்திரை டப்பாவும் சொம்பின்மேல் கவிழ்த்த டம்ளரும் கிடுகிடுவென்று ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன, குளிர்காய்ச்சல் கண்டவன் போர்வைக்குள் பல் கிட்டிக் கிடக்கிற மாதிரி லாரி தன்னைத்தானே உலுக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறது, சம்பூரணம் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பார்க்காமலே சொல்லுவாள், எந்த ஆணி எப்போது ஆடும் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம், அவள் பார்த்துக்கொண்டு நிற்பது ஆசாரத்துக் கட்டிலில் கிடக்கிற புருசனின் முகத்தை, அந்த முகத்தின் இடது பாதியை, வலது பாதி எதையும் சொல்லாது. இத்தனை மாதமாக இந்த நடுக்கம் நின்றால் போதும் என்று அவள் கும்பிடாத சாமி இல்லை, திருச்செங்கோட்டு மலைப்படி ஏறிக்கூட வேண்டிக்கொண்டு வந்தாள், இன்றைக்குப் பார்த்தால் நடுங்கட்டும், நன்றாக நடுங்கட்டும், பாதியில் அணைந்து தொலையாமல் நடுங்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிறாள், கேட்கிற சாமிக்கே கிறுக்குப் பிடித்துப்போகும், நேற்றுப் பொழுது சாய லாரியை வடக்கே பார்த்து நிறுத்தச் சொன்னதும் அவள்தான்.

அவர் ஒரு சொல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேண்டியது, அவருக்கு மிச்சமிருப்பதும் ஒரே ஒரு சொல்தான், எப்படிப்பட்ட வாய் அது, சங்ககிரியில் லோடு ஏற்றினால் நாக்பூரில் இறக்குகிறவரை மூடாத வாய், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் லாரியோடு பேசுவார், ஏண்டி, இந்த மேட்டுக்கே மூச்சு வாங்குனா அந்த மேட்டுக்கு என்ன பண்ணுவே என்பார், கல்யாணத்துக்கு அடுத்த தையில் வாங்கிய லாரி, வாங்கும்போதே இன்னொருத்தர் ஓட்டிக் களைத்துப் போட்டது, புதுப்பெண்டாட்டியைவிட அதோடுதான் அதிகம் பேசினார், சம்பூரணத்துக்கு அதன்மேல் கொஞ்சநாள் பொறாமைகூட இருந்தது, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிப்பு வந்த கையோடு அது எங்கேயோ போய்விடுகிறது. அப்பேர்ப்பட்ட அர்த்தநாரி ஒரு நாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் குளித்துக்கொண்டிருந்தவர் சொம்பைக் கையில் பிடித்தபடியே சரிந்தார், சொம்பு உருளுகிற சத்தம் கேட்டுத்தான் ஓடினாள், வலது கையும் வலது காலும் பேச்சும் ஒரே நேரத்தில் போயின, ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள், காது கேக்குதுங்கம்மா, ஆனா கேட்டது உள்ள போய்ச் சேருதான்னு இப்ப சொல்ல முடியாது, போகப் போகத்தான் தெரியும். கை வருமா கால் வருமா என்று சொந்தபந்தம், ஒறம்பரை சனமெல்லாம் கேட்டது, சம்பூரணத்துக்குக் கையும் வேண்டாம் காலும் வேண்டாம், உள்ளே மனுசர் இருக்கிறாரா இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. பேரே அர்த்தநாரி, பாதிதான் மிஞ்சோணும்னு எழுதியிருக்குதாட்ட இருக்குது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ ஒருத்தர் சொல்லிவைத்தார், அறையலாம் போல வந்தது, ஆனால் அவர் காதில் விழுந்திருந்தால் அவரேதான் முதலில் சிரித்திருப்பார், அதையும் நினைத்தாள், நினைத்ததால்தான் அழுதாள்.

அந்த ஆஸ்பத்திரி நாட்களில்தான் லாரியின் மூஞ்சி திரும்பியது. வீட்டுக்கு வடக்கே கரடு என்கிற மொட்டைக் குன்று, தெற்கே ரோடு, வாசல் முழுக்கக் கரட்டிலிருந்து ரோட்டைப் பார்த்து இறங்குகிற சரிவு, அர்த்தநாரி எப்போது வந்தாலும் ரோட்டிலிருந்தே ரிவர்ஸில் ஏற்றி, லாரியின் மூஞ்சி தெற்கே ரோட்டைப் பார்த்துத் தாழ்ந்து நிற்கும்படி நிறுத்துவார், மழையானாலும் சரி, தூக்கம் கண்ணைச் சொருகினாலும் சரி, இந்த வித்தையை விடமாட்டார், சம்பூரணம் நங்கையா என்று கூப்பிடுகிற நாத்தனார் ருக்குமணிக்கு அது நெடுநாளாகவே கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது, தம்பி விழுந்த சேதி கேட்டு வந்தவள் வாசலில் நின்றபடியே நெஞ்சில் அடித்துக்கொண்டாள், தெக்கே பாத்துத் தலைய வெச்சு நிக்குது பாரு, எமன் தெசையப் பாத்து, தெனம் தெனம் எமனைக் கும்பிட்டுட்டு நின்னா அவன் எட்டிப் பாக்காம என்ன பண்ணுவான். புதிதாக வண்டிக்கு அமர்த்திய டிரைவர் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, சூடம் சுற்றி, பூசணி உடைத்து, லாரியை வடக்கே பார்த்துத் திருப்பி நிறுத்த வைத்தாள், சம்பூரணம் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுப்புடவைக்கு வந்தபோது லாரி கரட்டைப் பார்த்து மூஞ்சியை நிமிர்த்தி நின்றிருந்தது, வீட்டுக்கு வந்த யாரோ மாதிரி இருந்தது, என்னுங்க நங்கையா இது என்று கேட்டாள், இனிமே இப்பிடித்தான் நிக்கோணும் சம்பூரணம், எந்தம்பி எந்திரிச்சு நடக்கோணும்னா இப்பிடித்தான் என்றாள் ருக்குமணி, அதற்கு மேல் யார் பேசுவது. அவள் கெட்டவள் இல்லை, தம்பியின் பாதத்தை மடியில் வைத்து மணிக்கணக்கில் தேய்த்துவிடுகிறவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கூட்டிவருகிற நாள், கார் வாசலில் வந்து நிற்கிறது, நாச்சிமுத்துவும் ருக்குமணியின் மகனும் அவரைக் கைத்தாங்கலாக இறக்குகிறார்கள், வெயில் கண்ணில் குத்துகிறது, அவர் தலை ஒரு பக்கமாகத் தொங்குகிறது, சம்பூரணம் குடையைப் பிடிக்கிறாள், லாரியைத் தாண்டும்போது அந்தத் தலை மெல்ல நிமிர்கிறது, இடது கண் லாரியைப் பார்க்கிறது, அதன் பின்பக்கத்தைப் பார்க்கிறது, தொண்டையில் ஏதோ உருள்கிறது, தல என்கிறார். தல. சம்பூரணத்தின் கையிலிருந்து குடை விழுந்தது, பேசிட்டான், எந்தம்பி பேசிட்டான் என்று ருக்குமணி தெருவுக்கே கேட்கக் கத்தினாள், கட்டிலில் கிடத்தியதும் மறுபடி சொன்னார், தல, தல, இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டிச் சொன்னார், தலை வலிக்குதாட்ட இருக்குது, பாவம் என்று ருக்குமணி தைலத்தை எடுத்து நெற்றியில் அப்பினாள், அவர் தலையை ஆட்டினார், ஆட்ட ஆட்ட இன்னும் அப்பினாள், தைலம் கண்ணில் இறங்கி நீராகக் கொட்டியது, பாத்தியா, ஆனந்தக் கண்ணீர் என்றாள். அன்றிலிருந்து அவர் எப்போது தல என்றாலும் தைலம்தான், சம்பூரணமே எத்தனை காலைகளில் தேய்த்துவிட்டிருப்பாள்.

காலையில்தான் சொல்லுவார், நாச்சிமுத்து ஸ்டார்ட் பண்ணுகிற நேரத்தில், அந்த நேரத்தில்தான் லாரியும் ஆடத் தொடங்கியிருந்தது, முதல் சாவிக்கே பிடித்துக்கொள்ளும், பிடித்த உடனே மூச்சுத் திணறி நடுங்கும், அணையப் போகிற மாதிரி இறங்கும், திடுக்கென்று ஏறும், டீ ஆறுகிற நேரம் இப்படி உலுக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சீராக ஓடத் தொடங்கிவிடும், அப்புறம் அன்றைக்கு முழுக்க ஒரு குறை சொல்ல முடியாது. வயசாயிருச்சுங்கக்கா வண்டிக்கு, நமக்கே வெடியால எந்திரிச்சா இடுப்பு புடிக்குதில்ல என்பான் நாச்சிமுத்து, அவன் எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருப்பவன், ஆனால் ஒரு நாள் அது நடுங்கி நடுங்கி நின்றேபோனது, லோடுக்குப் போக முடியவில்லை, ஓடினால்தான் அடுப்பு எரியும் என்றிருக்கிற வீட்டில் அது விளையாட்டுப் பேச்சு இல்லை, மெக்கானிக் ஹயாத் பாயிடம் கொண்டுபோனார்கள், பாய் அர்த்தநாரிக்குப் பழைய சிநேகிதர், பட்டறையில் இரண்டு நாள் போட்டுப் பார்த்தார், அங்கே அது சமர்த்துப் பிள்ளை, விடிந்ததும் முதல் சாவிக்கு முனகாமல் ஓடியது, வீட்டுக்கு வந்த மறுநாள் பழைய குருடி. டீசல் பீய்ச்சுகிற நாசில் ஆறையும் கழற்றிச் சுத்தம் பண்ணினார், பம்பை இறக்கி வேலை பார்த்தார், டீசல் எங்காவது கசிகிறதா என்று குழாய் நெடுகக் கையால் தடவிப் பார்த்தார், சொட்டு ஈரம் இல்லை, கடைசியில் ஒரு நாள் விடிகாலையில் வீட்டுக்கே வந்து நின்று, லாரி நடுங்குகிறபோதே ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டாகத் தளர்த்திப் பார்த்தார், தளர்த்தினதும் சத்தம் இறங்கினால் அந்த சிலிண்டர் உழைக்கிறது, இறங்காவிட்டால் அதுதான் சோம்பேறி, இப்படித்தான் கண்டுபிடிக்கோணும்மா என்று சம்பூரணத்துக்கு விளக்கிக்கொண்டே பார்த்தவர் பாதியில் தலையைச் சொறிந்தார், முதலில் இரண்டாவது சோம்பேறியாக இருந்தது, திரும்பிப் பார்ப்பதற்குள் ஐந்தாவது, என்னம்மா இது, ஒருத்தன் மாத்தி ஒருத்தன் லீவு போடறானுங்க.

அப்போது உள்ளேயிருந்து அர்த்தநாரி கத்தினார், தல, தல என்று, பாய் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார், என்ன சொல்றாரு அண்ணன், தலைங்கறாருங்க பாய், தலைவலி, எப்பவும் இப்பிடித்தான் என்றாள் சம்பூரணம், பாய் லாரியைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், அவர் முகம் மெல்ல மலர்ந்தது, இல்லம்மா, தலைவலி இல்ல, அண்ணன் ஹெட்டைச் சொல்றாரு, எஞ்சின் தலையச் சொல்றாரு, ஹெட்டுக்கு அடில இருக்கற கேஸ்கெட் தகடு போயிருக்குது, படுத்துட்டே காதுல கேட்டுப் புடிச்சுட்டாரு பாருங்க, அவர் ஆசாரத்துக்குள் ஓடிப்போய் அர்த்தநாரியின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார், அண்ணா, நான் பாத்துக்கறேன், நாளைக்கே ஹெட்டை எறக்கறேன், அர்த்தநாரி இன்னும் பலமாகத் தல தல என்றார், கையை உதறினார், சந்தோசம் தாங்கலைங்கம்மா அவருக்கு என்றார் பாய். அன்றைக்குச் சம்பூரணம் சமைத்த சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று அவளுக்கே தெரியாது, உள்ளே இருக்கிறார், உள்ளேதான் இருக்கிறார், லாரி ஓட்டுகிற மனுசர் உள்ளே உட்கார்ந்துகொண்டு சிலிண்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஒரு வாரம் அவள் தரையில் நடந்த மாதிரியே இல்லை, தைலத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள், காலையில் என்ன குழம்பு வைக்கட்டும் என்று அவரைக் கேட்டாள், பதில் வராவிட்டாலும் கேட்டாள். பாய் ஹெட்டை இறக்கினார், கேஸ்கெட் பழுதில்லாமல் இருந்தது, இருந்தாலும் இறக்கியது இறக்கியாயிற்று என்று புதிதாகப் போட்டு, எல்லாம் பூட்டி, பட்டறையில் ஓட்டிக் காட்டி அனுப்பினார், மறுநாள் காலையில் அவளும் பாயும் வாசலில் நிற்க நாச்சிமுத்து சாவியைத் திருப்பினான், நடுங்கியது, முன்னைவிடக் கூடவே நடுங்கியது, உள்ளேயிருந்து தல என்று குரல் வந்தது. பாய் நிமிர்ந்து பார்க்கவில்லை, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார், அண்ணனுக்கு வாயில அந்த வார்த்தை ஒட்டிக்கிச்சுங்கம்மா, அவ்வளவுதான், நாமதான் அர்த்தம் வெச்சுக்கறோம்.

அதற்கப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள், பரண்மேல் போட்ட தைலம் மறுபடி கீழே இறங்கியது. குழம்பைப் பற்றிக் கேட்கவில்லை, கட்டிலைச் சுற்றிக் கூட்டுகிறபோது கொஞ்சம் தள்ளிக்குங்க என்று சொல்வதைக்கூட விட்டுவிட்டாள், காலைத் தூக்கி வைத்துவிட்டுக் கூட்டினாள், ஊரிலிருந்து வருகிறவர்கள் அவர் கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினார்கள், வண்டியை வித்துப்போடு, இன்னி ஆரு ஓட்டப் போறா என்றார்கள், இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி என்றார்கள், அவளும் அவர் தலைக்கு மேலேயே பதில் சொன்னாள், அழுகை வந்தால் அங்கேயே அழுதாள், முந்தியெல்லாம் அவர் எதிரில் கண் கலங்கினால் என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு என்று பிடுங்கி எடுத்துவிடுவார், அதற்குப் பயந்தே பொடக்காலிக்குப் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டு அழுகிறவள், இப்போது எதற்கு எழுந்து போவது, சுவர் எதிரில் அழுவதற்கு யாராவது வெளியே போவார்களா. ஒரு நாள் அவர் உடம்பைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள், முதுகு பிடித்துக்கொண்டது, வாளித் தண்ணி கவிழ்ந்தது, படுக்கை நனைந்தது, மாற்றுத்துணி ஒன்றும் காய்ந்திருக்கவில்லை, அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நாளைக்குத் துணி துவைக்கோணும் என்கிற குரலில் சொன்னாள், அன்னைக்கே போயிருந்தீங்கன்னா நானும் இந்நேரம் அழுது முடிச்சிருப்பேன். சொல்லிவிட்டு வாளியை நிமிர்த்தினாள், துணியைப் பிழிந்தாள், வேலையைப் பார்த்தாள்.

முந்தாநாள் பக்கத்து வீட்டுக்காரர் வீடு கட்ட ஜல்லி இறக்கியிருந்தார், வாசலின் மேல்பக்கம் முழுக்க ஜல்லிக் குவியல், மூஞ்சி முன்னால் ஏற்றினால் காலையில் திருப்பி இறக்க இடமில்லை, நாச்சிமுத்து ரோட்டிலிருந்து ரிவர்ஸிலேயே ஏற்றி, மூஞ்சி தெற்கே பார்த்துத் தாழ்ந்து நிற்க நிறுத்திவிட்டுப் போனான், நங்கையா பாத்தா என்னைய வெட்டிப்போடுவாங்க, நீங்களே சொல்லிக்குங்க அக்கா என்று சிரித்துக்கொண்டே போனான், நேற்றுக் காலையில் சம்பூரணம் அடுப்பில் பால் வைத்திருந்தாள், லாரி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது, டம்ளர் ஆடப்போகிறதே என்று பழக்கத்தில் கையை நீட்டி அடுப்போரத்துச் சொம்பைப் பிடித்தாள், டம்ளர் ஆடவில்லை, சத்தம் ஒரே கோடாக ஓடிக்கொண்டிருந்தது, புகை இல்லை, இருமல் இல்லை, இதென்னடா அதிசயம் என்று நிற்கும்போதுதான் இன்னொன்றும் இல்லை என்று உறைத்தது, உள்ளேயிருந்து குரல் வரவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. பாய்க்குப் போன் போட்டாள், ராத்திரி லாரி தெற்கே பார்த்துத் தாழ்ந்து நின்றதையும் சொன்னாள், பாய் கேட்டு முடித்ததும் யா அல்லா என்றார், மூஞ்சியத் தூக்கிட்டு நின்னா எஞ்சின் மேல, டாங்கு கீழ, விடியறதுக்குள்ள எஞ்சின்ல இருக்கற டீசல் டாங்குக்கே திரும்பி எறங்கிருதும்மா, டீசலைத் திரும்ப எறங்க விடாத வால்வு தேஞ்சிருக்கும், எறங்கின எடத்துல காத்து ஏறிக்குது, அதான் காலைல காத்தைக் குடிச்சுட்டு நடுங்குது, ஓடி ஓடிக் காத்து வெளிய போனதும் சரியாயிருது, மூஞ்சி கீழ இருந்தா டீசல் எங்க எறங்கும், என்ற பட்டறை சமதரை, அங்க எப்பிடித் தெரியும், ஆறு மாசமா நான் மூணாங்கிளாஸ் பையனாட்ட வேலை பாத்திருக்கறேன். அண்ணன் இத்தனை வருசமா அப்பிடி நிறுத்துனது சும்மா இல்லீங்கம்மா என்று அவர் சொன்னபோது சம்பூரணம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் கண் சொக்கியது, தூக்கமா நினைப்பா என்று தெரியவில்லை, அவள் லாரியில் போய்க்கொண்டிருக்கிறாள், கல்யாணமான புதிதில் விஜயவாடாவுக்கு ஒரே ஒரு தரம் கூட்டிப்போனாரே, அந்தப் பயணம், வெயில் தாழ்ந்த நேரம், ஏதோ ஒரு பெட்ரோல் பங்க்கின் பெரிய மண் தரை, அவர் இறங்குகிறார், சொம்பு நிறையத் தண்ணியோடு தரையில் நடக்கிறார், இங்கே கொஞ்சம் ஊற்றுகிறார், அங்கே கொஞ்சம் ஊற்றுகிறார், குனிந்து பார்க்கிறார், சாமிக்குத் தண்ணி தெளிக்கறீங்களா என்று அவள் கேபினிலிருந்து கேட்கிறாள், அவர் சிரிக்கிறார், தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் இவ தலைய வெச்சுப் படுக்கோணும், இல்லாட்டி வெடியால எந்திரிக்கறதுக்குள்ள என்ற உசுரை வாங்கிருவா, இவளா என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், அவர் லாரியைத் திருப்புகிறார், தண்ணி மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு ஓடுகிறது, ஓடி ஓடி ஆசாரத்துக்குள் வருகிறது, கட்டிலின் காலைச் சுற்றுகிறது, அவள் துணியோடு துடைத்துக்கொண்டேயிருக்கிறாள், கட்டிலில் இருக்கிற மனுசர் சொல்லிக்கொண்டேயிருக்கிறார், தல, தல. விழித்தபோது புடவை வேர்வையில் ஒட்டியிருந்தது, வண்டியின் தலை. வலிக்கிற தலையும் இல்லை, எஞ்சினின் ஹெட்டும் இல்லை, காரிலிருந்து இறங்கும்போது திரும்பி நிற்கிற லாரியைப் பார்த்துச் சொன்னது, திருப்பி நிறுத்துங்கடா என்று சொன்னது. அப்படியும் இருக்கலாம், பாய் சொன்ன மாதிரி நாமாக வைத்துக்கொள்கிற அர்த்தமாகவும் இருக்கலாம், ஒரு தரம் நம்பி ஏமாந்தவள், இன்னொரு தரம் சும்மா நம்ப மாட்டாள், பொழுது சாய நாச்சிமுத்து வந்ததும், ஜல்லியை ஓரம் ஒதுக்கிட்டு வண்டியை வடக்கே பாத்து நிறுத்துங்க என்றாள், அவன் அவளைப் பார்த்தான், சரியாயிருச்சுல்லங்க அக்கா, எதுக்கு மறுபடியும், சொன்னாக் கேளுங்க நாச்சிமுத்து, ஒரே ஒரு தரம். லாரிக்கு என்ன சீக்கு என்று தெரிந்துவிட்டது, தெரிய வேண்டியது வேறு.

நடுங்குகிறது, டம்ளர் ஆடுகிறது, கொக்கி ஆடுகிறது, அவள் இடது பாதி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இமை துடிக்கிறது, புருவம் சுருங்குகிறது, நேற்று நன்றாக இருந்ததை இன்றைக்கு எவன் கெடுத்தான் என்கிற கோபம் அந்தப் பாதி முகத்தில் அப்படியே ஏறுகிறது, அவளுக்கு அந்தக் கோபம் தெரியும், முப்பது வருசமாகத் தெரியும், இடது கை கட்டில் சட்டத்தில் விழுகிறது, தல, தல. அவள் கிட்டே போனாள், மண்டி போட்டு உட்கார்ந்தாள், மாமா என்றாள், அப்படிக் கூப்பிட்டு எத்தனை நாளாகிவிட்டது, மாமா, வண்டித் தலையைத் தெக்கே திருப்பச் சொல்லட்டுங்களா. கை நின்றது. சட்டத்தின்மேல் விரல்கள் விரிந்து கிடந்தன, அவர் அவளைப் பார்த்தார், வெளியூரிலிருந்து வந்து இறங்கியதும் பார்ப்பாரே அந்தப் பார்வை, நெஞ்சு ஏறி இறங்கியது, இடது உதடு கோணிக்கொண்டு மேலே போனது, சிரிப்பு, கண்ணிலிருந்து தைலமில்லாமலே தண்ணி வழிந்தது, இத்தனை மாதம் தலையை ஆட்டி ஆட்டி மறுத்த மனுசர் இப்போது ஆட்டவில்லை. அய்யோ மாமா என்று அவள் அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டாள், இருக்கறீங்களா, உள்ளதான் இருக்கறீங்களா, சந்தோசத்தில் என்னென்னவோ உளறினாள், நங்கையாவைக் கூப்பிடறேன், தைலத்தைத் தூக்கி ரோட்டுல வீசறேன், பாய் வந்து உங்க கால்ல விழட்டும், அவர் தொண்டைக்குள் ஏதோ குலுங்கியது, சிரிக்கிறார், சிரிக்கத்தான் செய்கிறார்.

அப்புறம்தான் கேட்டாள், ஏன் கேட்டோம் என்று பின்னால் தோன்றப்போகிற கேள்வி, வாய் முந்திக்கொண்டது, நான் சொல்றது வெளங்குதுங்களா மாமா, வெளங்குனாக் கண்ணை மூடித் தெறங்க. மூடித் திறந்தார். வந்த நாள்ல இருந்தேவா. மூடித் திறந்தார். இங்க உக்காந்து அவங்கெல்லாம் பேசுனது, நான் பேசுனது, எல்லாமேவா. அவர் கண்ணை மூடினார், உடனே திறக்கவில்லை. மூடிய கண்ணோடு இடது கை மட்டும் நகர்ந்து வந்து அவள் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது, பிடியில் பலமில்லை, ஆனால் விடவில்லை. சம்பூரணம் அந்தக் கையைப் பார்த்தாள், வாளி கவிழ்ந்த நாள் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தது, அன்றைக்கு அவள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது இந்தக் கண் திறந்துதான் இருந்தது, மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் சொல்லி முடித்ததும் அதில் தண்ணி நிறைந்தது, தைலம் கண்ல எறங்கிருச்சாட்ட இருக்குது என்று அவளே முந்தானையால் துடைத்தும் விட்டாள். உதட்டைக் கடித்தாள், இங்கே அழக்கூடாது, இவர் எதிரில் கூடாது, என்னடி ஆச்சு என்று கேட்கத் தவிப்பார், கேட்க வாய் வராது, இருங்க மாமா, பால் பொங்கிரும், இதா வந்தர்றேன் என்றாள், குரல் தண்ணி மாதிரிச் சாதாரணமாக இருந்தது, அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து நெஞ்சின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

வாசலுக்கு வந்தபோது வெயில் கரட்டின் கிழக்குத் தோளைத் தாண்டியிருந்தது, லாரியின் நடுக்கம் முடிந்துவிட்டது, குழாயில் இருந்த காற்றெல்லாம் வெளியே போய், மூஞ்சியை நிமிர்த்திக்கொண்டு தாலாட்டுகிற மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது, சன்னலுக்கு உள்ளே ஒருத்தர் மூச்சு விட்டால்கூட வெளியே கேட்கிற அமைதி, வெளியே யாராவது மூச்சு விட்டால் உள்ளே கேட்கிற அமைதி. அவள் கேபின் கதவைப் பிடித்துக்கொண்டாள், சித்த ஆக்சிலேட்டரை மிதிங்க நாச்சிமுத்து என்றாள், அவன் குனிந்து பார்த்தான், எதுக்குங்கக்கா, இப்ப நல்லாத்தான ஓடுது, சும்மா எதுக்கு டீசலை, மிதிங்கன்னா மிதிங்க, நல்லா மிதிங்க, உட்டுறாதீங்க. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், மறுபேச்சுப் பேசாமல் பார்வையை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு மிதித்தான், எஞ்சின் உறுமி எழுந்தது, ஆசாரத்துச் சன்னல் அதிர்ந்தது, சம்பூரணம் சூடேறிய பானெட் தகட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் உலுக்க, வாய்விட்டு அழுதாள்.